பதினேழாம் வளைவின் பொட்டு

ஜூலை 14, திங்கள்

தூக்கம்: மூன்றே முக்கால் மணி நேரம். கனவு: இல்லை.

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். "எத்தனை மணி நேரம் தூங்கினீங்கன்னு தினம் காலையில எழுதுங்க. கனவு வந்தா அதையும் எழுதுங்க. அடுத்த தடவை வர்றப்ப நோட்டைக் கொண்டாங்க" என்றார். மாத்திரை கேட்டுப் போனவளை நோட்டு வாங்க அனுப்பிவிட்டார்.

நேற்று மாலை நானும் ஆமினாவும் சேலத்திலிருந்து மஞ்சணைமலைக்கு வந்து சேர்ந்தோம். ஆமினா எங்கள் கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இருபத்தாறு வயது. கேள்வி கேட்காமல் ஒரு நிமிடம் இருக்கமாட்டாள். இந்த மலைப்பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒன்றாக நாங்கள் நட்ட கம்பங்கள் நிற்கின்றன. வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி வந்தால் இந்தப் பக்கம் மஞ்சள் விளக்கு எரியும். ஆடிப்பெருக்கன்று மலைக்கோயிலுக்கு வண்டிகள் வரிசை கட்டும். அதற்குள் முப்பத்தாறு கம்பங்களுக்கும் புது நிரல் அனுப்பியாக வேண்டும்.

இருபதாம் வளைவுக்கு மேல் ஒரு வாடகை வீடு. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. தூங்குவதற்கென்றே செய்த ஊர். ஆனால் விடியும் நேரத்தில் பால் வண்டி ஒன்று வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஏறுகிறது. விளக்கு எரிகிறதே, கண்ணில்லையா அந்த ஆளுக்கு?

ஜூலை 15, செவ்வாய்

தூக்கம்: நான்கு மணி நேரம் இருக்கும்.

கனவு: கம்பங்கள் எல்லாம் கல்யாண மண்டப வாசலில் நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. என் கையில் வரவேற்புத் தட்டு. கும்பா காலி, சந்தனம் இல்லை. ஒவ்வொரு கம்பமும் கொஞ்சம் குனிந்து நெற்றியைக் காட்டுகிறது. நான் "இதோ, இதோ" என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

எழுந்தபோது ஹாரன். படுத்தபடியே எண்ணினேன். பதினாலாம் வளைவிலிருந்து இருபத்து நாலு வரை எனக்குக் கேட்கிறது.

டாக்டரம்மா படிப்பதானால் அவருக்காக ஒரு விளக்கம். கம்பத்துக்குள் இருக்கும் போர்டு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கரண்ட் வந்ததும் அது தானாக எல்லாவற்றையும் செய்துவிடாது. முதலில் ஒரு சின்ன நிரல் கண் விழிக்கும். அதற்குப் பெயர் பூட்லோடர். அது எழுந்து, "நான் யார், என்னிடம் என்னென்ன இருக்கிறது" என்று பார்த்து, அப்புறம் மற்ற நிரலை எழுப்பும். மற்ற நிரல் கெட்டால் பூட்லோடர் இன்னொன்றை எழுப்பிக்கொள்ளும். பூட்லோடரே கெட்டால் எழுப்ப ஆளில்லை. போர்டைக் கழற்றி மேசைக்குத்தான் கொண்டுவர வேண்டும்.

ஆக, அந்தச் சின்னக் கோப்பை எங்கே வைப்பது என்பதுதான் என் பிழைப்பு. பதினைந்து வருடமாக.

ஜூலை 16, புதன்

தூக்கம்: மூன்றரை.

சேஷகிரி சார் போனில் வந்தார். முதலாளி. நல்ல மனிதர், அவசரக்காரர்.

இப்போதுள்ள பூட்லோடர் மெதுவாக எழுகிறது. மின்சாரம் போனால் போர்டு பேட்டரிக்கு மாறி, ஒருமுறை அணைந்து எழும்; விளக்கு தயாராக நாற்பது வினாடி ஆகிறது. புதியதை நாலு வினாடியில் எழும்படி ஆமினா எழுதியிருக்கிறாள். கெட்டிக்காரிதான். திருவிழாக் கூட்டத்தில் நாற்பது வினாடி பெரிய விஷயம். அதனால் இந்த முறை பூட்லோடரும் மாற வேண்டும்.

"எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு ஒரே மூட்டையா அனுப்பிடுங்க வளர்மதி. அப்படித்தான இப்பவும் இருக்கு?"

"இருக்கு சார். ஆனா பூட்லோடரைத் தனியா, போர்டு பேர்ல ஒரு ஃபோல்டர்ல வைக்கலாம்னு பாக்கறேன். அப்டேட் மூட்டை அந்த போர்டுதானான்னு பாத்துட்டு எழுதணும். தெரியாத போர்டுன்னா தொடக்கூடாது."

"முப்பத்தாறும் ஒரே போர்டுதானம்மா. ஒரே பிள்ளைக்கு எதுக்கு மூணு தொட்டில்?"

நான் சிரித்தேன். முப்பத்தாறும் ஒரே போர்டுதான் என்று கம்பெனியில் எல்லோரும் நம்புகிறார்கள்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று.

தூக்கம்: மூன்று. காபியைக் குறைக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

தூக்கம்: நான்கரை. கனவில் மழை மட்டும்.

இன்று கீழே முதலாம் வளைவிலிருந்து நடந்தே ஏறினோம். பெட்டியைத் திறப்பது, பேட்டரி பார்ப்பது, போட்டோ எடுப்பது, மூடுவது. மேகத்துக்குள் நடக்கும்போது நம் குரலே பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. ஓரிடத்தில் யாருமே வராமல் மஞ்சள் விளக்கு எரிந்தது. இருவரும் ஓரமாக நின்றோம். வெகுநேரம் கழித்து ஒரு பசுமாடு நிதானமாக வளைவைத் திரும்பி வந்தது. ஆமினா அதற்கு சலாம் வைத்தாள்.

பதினாறு முடிந்ததும், "பதினேழைக் கடைசியா பாக்கலாம்" என்றேன்.

"ஏங்க்கா?"

"அதுல குளவி கூடு இருக்கும்."

"எப்படித் தெரியும்?"

"இருக்கும்னு சொன்னேன். இருக்குன்னா சொன்னேன்?"

கீழிறங்கி வந்த பால் வண்டி எங்களைத் தாண்டியது. வளைவில் விளக்கு எரிந்தும் ஹாரன் அடித்தார். ஆமினா கை காட்டினாள். எனக்கு அந்த நேரம் பார்த்துச் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது. குனிந்து மாட்டிக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்

தூக்கம்: மூன்று.

ஆமினா பால் வாங்கி வந்து டீ போட்டுக்கொண்டே சொன்னாள். "அக்கா, பால் வண்டி அண்ணன் நம்ம கம்பெனியிலதான் இருந்தாராம். இன்பராஜ்னு பேரு. இந்தக் கம்பமெல்லாம் நட்டதே அவருதானாம்."

"ஆமா, இருந்தாரு."

"அப்புறம் ஏன் பால் ஊத்தறாரு?"

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முந்திய ஆவணியில், ஒரு காலை அப்டேட் அனுப்பியதும் பதினோரு கம்பங்கள் செத்துப்போயின. அன்று நல்ல மேகமூட்டம். விளக்கு வந்த பிறகு இந்த மலையில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. விளக்கு எரியவில்லை என்றால் எதிரில் வண்டி இல்லை என்று அர்த்தம். பத்தொன்பதாம் வளைவில் விளக்கு எரியவில்லை. பால் வண்டி ஓட்டிய சின்னராசு என்பவர் லாரியைக் கண்டு ஒடித்ததில் வண்டி பள்ளத்தில் இறங்கியது. உயிர் தப்பினார். வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. அப்டேட்டுக்கு முன்னால் பேட்டரிகளைப் பார்க்கவேண்டியது இன்பராஜின் வேலை. சரியாகப் பார்க்கவில்லை, பாதியில் பேட்டரி இறங்கி போர்டுகள் செத்தன என்று அறிக்கையில் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனார்.

இதைத்தான் ஆமினாவிடம் சொன்னேன். அவள் டீயை ஆற்றியபடி கேட்டாள்.

"அப்ப அந்தச் சின்னராசு வண்டியத்தான் இவரு ஓட்டறாரா?"

எனக்கு அது தெரியாது. நிஜமாகவே தெரியாது.

"அவரால ஓட்ட முடியலைன்னு இவரு ஓட்டறாராம் அக்கா. ரெண்டு வருஷமா. ஒரு நாளு லீவு போட்டதில்லையாம். கடைக்காரம்மா சொன்னாங்க."

டீ நன்றாக இருந்தது. இரண்டாவது டம்ளர் வேண்டாம் என்றேன்.

ஜூலை 23, புதன்

தூக்கம்: இல்லை.

ஜூலை 24, வியாழன்

தூக்கம்: பகலில் ஒரு மணி நேரம், மேசையில் தலை வைத்து.

கனவு: அதே தட்டு. இந்த முறை கையில் பஞ்சு. ஸ்பிரிட் வாசனை. நெற்றி நெற்றியாகத் துடைத்துக்கொண்டு போகிறேன். யாரும் தடுக்கவில்லை. துடைத்த கம்பம் ஒவ்வொன்றும் கண்ணை மூடிக்கொள்கிறது.

வேலை மேசையில் போர்டுகளைத் துடைப்பது என் வழக்கம்தான். சுத்தம் என்றால் எனக்குப் பைத்தியம் என்று கம்பெனியே கிண்டல் செய்யும். இதில் டாக்டரம்மா தோண்டிப் பார்க்க எதுவுமில்லை.

ஜூலை 25, வெள்ளி

தூக்கம்: மூன்று.

நான் பில்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். பில்டு என்றால், எழுதிய நிரலையெல்லாம் சமைத்துக் கோப்புகளாக்கி ஒரு ஃபோல்டரில் பரிமாறுவது. இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஆமினா என்னிடம் சொல்லாமல் தனியாகப் பதினேழுக்குப் போய் வந்துவிட்டாள்.

"குளவி எதுவும் இல்லக்கா. பழைய கூடு காஞ்சு கெடந்துச்சு. ஆனா இதைப் பாருங்க."

போனை நீட்டினாள். பெட்டிக்குள் போர்டு. அதன் தகர மூடியின் நடுவில் காய்ந்து வெளுத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். நாள்பட்டுக் குங்குமம் செங்கல் நிறமாகியிருந்தது.

"முப்பத்தஞ்சு பெட்டி தொறந்தாச்சு. ஒன்னுல கூட இது இல்ல. இதுல மட்டும் எதுக்குப் பொட்டு?"

"ஆயுத பூஜைக்கு யாராச்சும் வச்சிருப்பாங்க."

"அப்ப எல்லாத்துலயும்ல வச்சிருக்கணும்?"

கேட்டுவிட்டு அவள் துவைக்கப் போய்விட்டாள். நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்பராஜின் விரல் தடம்கூடத் தெரிகிறது.

ஜூலை 26, சனி

தூக்கம்: இரண்டு.

எழுதித்தான் தொலைக்கிறேன். நோட்டை டாக்டரம்மாவிடம் காட்டாமல் இருந்தால் போயிற்று.

முதல் வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் மாட்டியவை பன்னிரண்டு போர்டுகள். அவற்றில் வேறு மெமரி சிப், வேறு பூட்லோடர். பூஜையன்று இன்பராஜ் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மற்ற இருபத்து நாலும் அதற்கப்புறம் வந்தவை, புது வகை, பொட்டில்லாதவை. ரிப்பேருக்குக் கழற்றி மாட்டியதில் எந்தப் பழைய போர்டு எந்தக் கம்பத்துக்குப் போனது என்பதற்குக் கணக்கே இல்லாமல் போனது. கணக்கு அந்தப் பொட்டுதான்.

செத்தவை பதினொன்று; அவற்றுக்குப் பதில் புது வகையை மாட்டினோம். பன்னிரண்டாவது பதினேழாம் வளைவில் இருந்தது. அந்த வாரம் பெட்டியில் குளவி கூடு கட்டியதால் இன்பராஜ் அதை அணைத்து வைத்திருந்தார். அதனால் அதற்கு மட்டும் அப்டேட் போகவில்லை. அதன் பிறகு எதற்குமே அப்டேட் அனுப்ப யாருக்கும் துணிவில்லை.

பொது ஃபோல்டர் மூட்டை போனால் பதினேழு சாகும். அதுவும் திருவிழாச் சமயத்தில்.

ஜூலை 27, ஞாயிறு

தூக்கம்: மூன்று.

சேஷகிரி சாரிடம் மறுபடி பேசினேன். தனி ஃபோல்டர்தான் நல்லது, நாளைக்குப் புது வகை போர்டு வந்தால் குழப்பமிருக்காது, உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். என் குரலே எனக்குச் சலித்தது.

"கொள்கையெல்லாம் சரிம்மா. திருவிழாவுக்கு ஏழு நாள்தான் இருக்கு. இப்பப் போய் அடுக்கை மாத்தறதுக்கு ஒரு காரணம் வேணும்ல? முன்னாடி இதனால ஏதாச்சும் ஆகியிருக்கா? அதை ஒரு வரி எழுதி அனுப்புங்க, மாத்திடலாம். இல்லன்னா இருக்கறபடியே போகட்டும்."

ஒரு வரிதான்.

இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதைக் காலையிலேயே யோசித்துவிட்டேன். பெட்டியில் உபரியாக நாலு புது போர்டுகள் இருக்கின்றன.

ஜூலை 28, திங்கள்

தூக்கம்: ஒன்றரை.

விடியும் முன்பே பதினேழுக்கு நடந்தேன். ஆமினா தூங்கிக்கொண்டிருந்தாள். பையில் ஒரு புது போர்டு, ஸ்க்ரூ டிரைவர், ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு. பழையதைக் கழற்றி, துடைத்து, பையில் போட்டு, புதியதை மாட்டினால் பத்து நிமிடம். அப்புறம் முப்பத்தாறும் உண்மையிலேயே ஒரே போர்டு. எந்த ஃபோல்டரில் எதை வைத்தாலும் யாருக்கும் எதுவும் ஆகாது. யாருக்கும் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு அந்த அளவுக்கு இருந்தால் மறைக்கலாம் என்றுதான் தோன்றியது.

மேகம் இடுப்பு வரை இருந்தது. பெட்டியைத் திறந்தேன். பொட்டு போட்டோவில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் இன்னும் லேசாகச் சந்தன வாசம். என் பிரமையாக இருக்கலாம்.

பஞ்சைக் கையில் எடுத்தபோது கீழே ஹாரன். பதினைந்து. பதினாறு. என் தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்கப்புறமும் ஹாரன். பால் வண்டி நின்றது.

"மேடமுங்களா? நல்லாயிருக்கீங்களா?"

இன்பராஜ் இறங்கி வந்தார். தலை நரைத்திருந்தது. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பெட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அட, இது நான் வச்ச பொட்டுங்க. இன்னும் இருக்குதே. என் வீட்டுக்காரி அரைச்சுக் குடுத்த சந்தனம்."

"அப்படிங்களா" என்றேன்.

"அப்டேட்டு அனுப்பறீங்களாமே, அந்தப் பாப்பா சொல்லுச்சு. மேடம், நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. பேட்டரிய ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துக்கங்க. என் கணக்கா விட்டுறாதீங்க. ஒரு நிமிச அசால்ட்டு, ஒரு மனுசன் காலு போயிருச்சு."

தலையாட்டினேன். வண்டியில் ஏறி ஹாரன் அடித்து வளைவைத் திரும்பினார். பதினெட்டிலும் அடித்தார். பத்தொன்பதில் நீளமாக அடித்தார்.

பஞ்சை நனைக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு வந்தேன். இன்றைக்கு அவ்வளவுதான்.

ஜூலை 29, செவ்வாய்

தூக்கம்: இல்லை. படுக்கவே இல்லை.

சேஷகிரி சாருக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். தலைப்பு: பூட்லோடர் கோப்புகளை எங்கே வைப்பது. முடிவு: போர்டு வகைக்கு ஒரு தனி ஃபோல்டர், கோப்பின் பெயரில் போர்டின் பெயரும் இருக்க வேண்டும், தெரியாத போர்டை அப்டேட் தொடக்கூடாது. அடுத்தது காரணம்.

"நம்மிடம் இரண்டு வகை போர்டுகள் இருந்தன. இரண்டின் பூட்லோடர் கோப்புக்கும் பெயர் ஒன்றே. முதலில் அவை தனித்தனி ஃபோல்டரில் இருந்தன. 2023 ஆகஸ்டில் இரண்டையும் பொது ஃபோல்டருக்கு மாற்றியது நான். பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பில்டு ஓடியபோது புது போர்டின் கோப்பு பழையதன் மேல் எழுதப்பட்டது. ஒரே பெயர் என்பதால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அந்தக் கோப்பு பழைய போர்டுகளுக்குப் போனது. பதினொன்று செத்தன. பேட்டரிகளில் குறை எதுவும் இல்லை.

செத்த போர்டுகள் என் மேசைக்கு வந்த அன்றே இது எனக்குத் தெரியும். பதினொன்றிலும் ஆயுத பூஜைப் பொட்டு இருந்தது. வரிசையாக வைத்துப் பார்த்தால் செத்தவை எல்லாம் பழைய வகை என்று யாருக்கும் புரிந்துவிடும். மறுநாள் நீங்கள் பார்க்க வருவதற்குள் பதினொரு பொட்டையும் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். பேட்டரிதான் காரணம் என்று அறிக்கையை எழுதியதும் நான்தான். இன்பராஜ் தவறு எதுவும் செய்யவில்லை.

பழைய போர்டு ஒன்று இன்னும் பதினேழாம் வளைவில் இருக்கிறது. அதன் பொட்டு அப்படியே இருக்கிறது."

ஆமினாவுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். பிறகு அந்த அறையின் கதவு மெல்லச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

மாலையில் சார் கூப்பிட்டார். "படிச்சேன்" என்றார். "முடிவு சரிதான், அப்படியே பண்ணுங்க. பதினேழைத் தொடாதீங்க, நான் வந்து பாக்கணும். உங்க விஷயம் சேலத்துக்கு வந்ததும் பேசுவோம். இன்பராஜுக்கு நான் போன் பண்ணணும்."

"முதல்ல நான் சொல்லிடறேன் சார்."

"நாளைக்குள்ள சொல்லிருங்க."

ஜூலை 30, புதன்

தூக்கம்: தெரியவில்லை.

வாசலில் காத்து நின்றேன். இருபதாம் வளைவில் ஹாரன், பிறகு வண்டி. இன்பராஜ் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்தபடி, "பாப்பா இல்லீங்களா?" என்றார்.

நின்றபடியே சொன்னேன். கோப்பு, ஃபோல்டர், பெயர், பொட்டு, பஞ்சு, அறிக்கை. பூட்லோடர் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் எஞ்சினை அணைத்தார். அப்புறம்தான் மலை எவ்வளவு அமைதி என்று தெரிந்தது.

"அப்ப பேட்டரி?"

"நல்லா இருந்துச்சு."

"பதினொன்னுமா?"

"பதினொன்னும்."

ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீட்டர் வச்சுப் பாத்தேனுங்க. பாத்த மாதிரிதான் ஞாபகம். எல்லாரும் பாக்கலைன்னு சொன்னதும் எனக்கே பாக்கலையோன்னு ஆயிருச்சு. இப்பவும் படுத்தா ஒன்னாம் நம்பர்ல இருந்து எண்ணுவேன். இதைத் தொட்டேன், இதைத் தொட்டேன்னு. பத்தொம்போதுல நின்னுரும். அதுக்கு மேல தூக்கம் வராது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததே தவிர அதற்கு எடையே இல்லை.

"சின்னராசண்ணன் மூஞ்சிய ரெண்டு வருசமா நேராப் பாத்ததில்லைங்க" என்றார். பிறகு, "எதுல தொடச்சீங்க?"

"ஸ்பிரிட்ல."

"சந்தனம் தண்ணியிலயே போயிருக்குமே" என்றார்.

வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். பாக்கெட் அவர் மடியிலேயே இருந்தது. நான் கேட்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

தூக்கம்: இரண்டு. ஹாரன் கேட்டது. பத்தொன்பதில் முன்னைவிட நீளம். வண்டி நம் வாசலில் நிற்கவில்லை. பால் இல்லை. கடும் டீ.

ஆகஸ்டு 1, வெள்ளி

தூக்கம்: நான்கு.

அப்டேட் அனுப்பினோம். ஆமினா தேவையானதை மட்டும் பேசுகிறாள். "முப்பத்தஞ்சு எழுந்துருச்சு" என்றாள். பிறகு திரையைப் பார்த்தபடி, "பதினேழு தெரியாத போர்டுன்னு சொல்லி பூட்லோடரைத் தொடாம விட்டுருச்சு. பழையபடிதான் எழுந்துச்சு. நாப்பது செகண்டு" என்றாள். அந்தக் கோப்பை இருக்கவேண்டிய இடத்தில் வைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அவள் எழுந்து போகும்போது நின்றாள். "உங்களைத் திட்டணும்னு நாலு நாளா வார்த்தை தேடறேன்கா. எல்லாத்தையும் நீங்களே எழுதி வச்சுட்டீங்க."

அழுகை வந்தது. அழுதேன். டாக்டரம்மா, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டு 2, சனி

தூக்கம்: நான்கரை. கடும் டீ.

கனவு: தட்டு இல்லை. மலையில் நடக்கிறேன். விளக்குகள் எரிகின்றன, வண்டி எதுவும் வரவில்லை.

ஆகஸ்டு 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு.

தூக்கம்: மூன்று.

நாள் முழுக்க வண்டிகள். வேன், பைக், டிராக்டர், மாலை போட்ட லாரி. மத்தியானம் மேகம் இறங்கியது. மின்சாரம் மூன்று முறை போய் வந்தது. முப்பத்தைந்து கம்பங்கள் நாலு வினாடியில் கண் விழித்தன. பதினேழு நாற்பது வினாடி எடுத்துக்கொண்டது.

அதற்காகத்தான் காலை ஆறு மணி முதல் அங்கே நின்றேன். கையில் ஆமினாவின் சிவப்புத் துப்பட்டா. கரண்ட் போனதும் இரண்டு பக்கமும் கை காட்டி வண்டிகளை நிறுத்தினேன். திட்டினார்கள். ஒரு பாட்டியம்மாள் வேனிலிருந்து முறுக்கு நீட்டினார். நாற்பது வரை எண்ணுவேன். முப்பத்தெட்டில் விளக்கு ஒருமுறை மினுங்கும், நாற்பதில் எரியும். மூன்று முறையும் சரியாக எழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் கீழிருந்து ஒரு பைக் வந்தது. இன்பராஜ் ஓட்ட, பின்னால் ஒருவர் வலது காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். சின்னராசாகத்தான் இருக்க வேண்டும். இருவரும் என்னவோ சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். என்னைப் பார்த்தார்களா தெரியாது. துப்பட்டாவைக் கீழே இறக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

ஆகஸ்டு 4, திங்கள்

தூக்கம்: ஏழரை மணி நேரம்.

ஆமினா வந்து உலுக்கினாள். ஜன்னலில் வெயில். மணி ஏழு தாண்டியிருந்தது. நேற்று முழுக்க நின்ற அசதியில் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன், ஹாரன்கூட எழுப்பவில்லை என்றேன்.

"ஹாரன் அடிக்கவே இல்லக்கா. நான் முழிச்சுத்தான் இருந்தேன். வெளக்குதான் ஒன்னொன்னா எரிஞ்சு மேல வந்துச்சு."

"இன்னைக்கு வண்டி வரலையா?"

"வந்துட்டுப் போயாச்சு" என்று சொல்லி டம்ளரை நீட்டினாள். "கேட்டுல பால் மாட்டியிருந்துச்சு. டீ ஆறுது, குடிங்க."